தலை வைக்காத உருவம்

நான் செய்யும் மண் பெண்களுக்குத் தலை வைப்பதில்லை. தலை இல்லாவிட்டால் அது மார்க்கம் விலக்கிய உருவத்தில் சேராது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சாய்ந்தமருதில், உம்மாவின் வீட்டுப் பின்னறையில், இறக்காமத்துக் களிமண்ணைக் குழைத்துச் சிற்பம் செய்துவந்தேன். குனிந்த முதுகு, தொங்கிய மார்பு, பிள்ளை பெற்று வரி விழுந்த வயிறு. கிரீம் விளம்பரத்தில் வருகிற இடுப்பு எங்கள் தெருவில் யாருக்கு இருக்கிறது? இல்லாத இடுப்புக்காக இருக்கிற பெண்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தக் கூத்து என் வீட்டிலேயே நடந்தது. தங்கச்சி குண்டு. சம்பந்தம் பேசத் தொடங்கியதிலிருந்து உம்மா அவளுக்கு இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு, தேசிக்காய் பிழிந்த சுடுதண்ணி கொடுத்துவந்தார். ஆள் வந்தால் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க அவள் பழகியிருந்தாள். ஒரு பின்னேரம் என் முன்னால் மட்டும் மூச்சை விட்டு நின்றாள். அப்படியே அவளை மண்ணில் செய்தேன்.

"ஆருக்கும் சொல்லிராத ராத்தா," என்றாள்.

தலைதான் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

மண் காயும் முன்பே, மாப்பிள்ளையின் உம்மா பெண் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பச்சை மண்ணைத் தூக்கினால் பிளந்துவிடும். நனைத்த சாரன் துணியால் மூடி மூலையிலேயே விட்டேன்.

"இந்தச் சம்பந்தம் கலஞ்சிதெண்டா, உன்ட மண்ணத் தூக்கிக் கடல்ல போட்டிருவன்," என்றார் உம்மா.

வந்தவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா தொழ இடம் கேட்டார். முன்னறையில் ஆண்கள் இருந்ததால் மிஞ்சியது பின்னறைதான். தொழுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யார் முசல்லாப் பாய் விரிப்பார்?

"இதென்னகா, ஆள் குந்தி இரிக்கிற மாதிரி?" என்று கேட்டவர், உம்மா வாய் திறக்கும் முன் சாரனைத் தூக்கிவிட்டார்.

மடிப்பு மடிப்பாக அந்த வயிறு ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது.

"ஆர்ர வயிறு இது?"

"என்டதான்," என்றார் உம்மா. முழங்கை தெரிந்தாலே முந்தானையை இழுத்துவிடுகிற மனிசி. "மகள் என்னப் பார்த்துத்தான் செஞ்சவ."

அந்தப் பொய்யோடு காரியம் முடிந்துவிடும். தங்கச்சி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வாசலில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றவள் மூச்சை விட்டாள். வயிறு இறங்கியது சல்வாருக்கு மேலேயே தெரிந்தது.

"இல்ல மாமி. அது என்ட வயிறு."

வந்தவர் சாரனைத் திரும்பப் போர்த்தினார். "தல இல்லத்தானே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முசல்லாவைக் கொஞ்சம் தள்ளி விரித்துத் தொழுதார். அவர் முடிக்கும் வரை குசினி அடுப்படியில் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. தங்கச்சியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

தொழுது முடித்து வந்தவர் தங்கச்சியின் கையைப் பிடித்தார். குரல் இனிப்பாகத்தான் இருந்தது.

"நல்ல புள்ள. கலியாணத்துக்கு முன்னுக்குக் கொஞ்சம் மெலிஞ்சிரலாந்தானே மகள்?"

தங்கச்சி உம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இவ்வளவு நாளும் அவளைப் பட்டினி போட்டவர் இப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டால் அவள் இனி வாய் திறக்கவே மாட்டாள்.

உம்மா விருந்துக்கென்று அவித்த இனிப்பு வட்டிலப்பத்தை எடுத்தார். எங்கள் வீடுகளில் வந்தவர்களுக்கு வைக்கும் முன் வீட்டுப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் கிடையாது. ஒரு பெரிய துண்டை வெட்டி, பீங்கான் தட்டில் போட்டு, தங்கச்சியிடம் நீட்டினார்.

"தின்னு மகள்," என்றார். "மாமிக்குப் பொறகு வைப்பம்."