சிதம்பரத்தில் இறக்கிய இன்ஜின்

பெரிய வண்டியின் இன்ஜினைக் கொன்றது ராகு காலம். என் அத்தை இல்லை. இதை எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்துகொண்டு சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு அந்த வண்டிக்குள் பதினொரு பேர் இருந்தோம். பத்து வயதுப் பெண் நான் ஒருத்திதான் அதை உள்ளபடி சொல்கிறேன் என்றால், அது மற்ற பத்துப் பேரின் பிரச்சினை.

இப்போது எஸ்.யூ.வி. என்கிறார்கள். கடலூரில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெரிய வண்டி. டீசல் வண்டி, முதுகில் ஸ்டெப்னி தொங்கும். அப்பாவின் தங்கையான அத்தைக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது சீராகக் கொடுத்தது. கொடுக்கும்போதே அது இரண்டு கை மாறிய பழசு. எங்கள் பக்கத்தில் சீர் வண்டியை மாப்பிள்ளை பெயரில் எழுதிக் கொடுப்பதுதான் கௌரவம். பெண் பெயரில் எழுதினால் சம்பந்தியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். அப்பா ரொம்பக் கௌரவமாக மாப்பிள்ளை பெயரில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது வருஷம் அத்தை அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கடலூருக்கு வந்துவிட்டாள். அவர் குடிக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை. அடிக்கிறாரா? இல்லை. வேறு பெண் சகவாசமா? அதெல்லாம் கிடையாது. அப்புறம் என்னதான் என்றால், "ஒத்து வரல" என்பாள். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு எங்கள் சொந்தக்காரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடித்திருந்தால் கூட்டம் போட்டு நியாயம் பேசியிருப்பார்கள். ஒத்து வரவில்லை என்பதற்கு என்ன நியாயம் பேசுவது?

வந்த மாதமே வண்டியின் பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குறிஞ்சிப்பாடியில் கைலியும் பெட்ஷீட்டும், வேறு இடத்தில் நைட்டியுமாக வாங்கி ஏற்றினாள். செம்மங்குப்பத்தில் கம்பெனிகளில் ஷிப்ட் விடும் நேரத்துக்குப் போய்ப் பின் கதவைத் திறந்து வைத்தால் அதுதான் கடை. பிறகு ஊர் ஊராகப் போவாள். வீட்டில் சாப்பாட்டுக்குக் கொடுத்தாள், எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள், யாரிடமும் கை நீட்டவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். கை நீட்டினால்தானே புத்தி சொல்ல முடியும்.

என் தம்பிக்குத் திருவதிகை கோயிலில் காது குத்தினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிப்பதற்குள் குத்தி முடிக்க வேண்டும். அந்தத் தாய்மாமனே தலைக்கு டை அடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். கழற்றிய சீட்டைத் திரும்ப மாட்டி, பதினொரு பேர், இரண்டு அண்டா, ஒரு மூட்டை அரிசி எல்லாம் ஏறியது. அத்தை ஓட்டினாள்.

நெல்லிக்குப்பம் தாண்டியதும் அத்தை வண்டியை ஓரம் கட்டப் பார்த்தாள். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது, பத்து நிமிஷம் ஆற விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள். தாய்மாமன் வாட்சைப் பார்த்தார். நடுவழியில் நின்றால் குழந்தைக்கு நல்லதில்லை என்றார். அப்பா இருவரையும் பார்த்துவிட்டு, "மச்சான் சொல்றாருல்ல, ஓட்டு" என்றார்.

"சூடு ஜாஸ்தியா இருக்குண்ணே. இன்ஜின் போயிடும்."

"ஓட்டுன்னா ஓட்டு."

ஓட்டினாள். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் கருகின நாற்றம் வந்தது. பிறகு தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி நாலு சத்தம். வண்டி நின்றது. மணி பத்து. ரெண்டு ஆட்டோ பிடித்து எல்லோரும் பறந்தார்கள். பத்து இருபத்தைந்துக்குத் தம்பிக்குக் காது குத்தியாகிவிட்டது. ராகு காலத்திலிருந்து அவன் காது தப்பித்தது.

நான் மட்டும் அத்தையோடு இருந்துகொண்டேன். ஆலையில் கரும்பு இறக்கிவிட்டு வந்த டிராக்டர் ஒன்றை அவள் கை காட்டி நிறுத்தினாள். கயிறு கட்டி இழுத்தார்கள். கடலூர் வரைக்கும் அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வந்தாள். எனக்குப் பசி வேறு.

சாயங்காலம் மீதிப் பேர் திரும்பி வருவதற்குள் தீர்ப்பு தயாராக இருந்தது. வாழாவெட்டி ஓட்டுகிற வண்டி வேறு எப்படிப் போகும் என்றார் ஒரு பெரியம்மா, அத்தை காதில் விழுகிற மாதிரியே. ஆறு மாதமாக அந்த வண்டியில் ஓசியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் அவர். அந்தப் பெரியம்மாவை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. முள்ளைப் பற்றியோ பத்தரை மணியைப் பற்றியோ ஒருவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அப்பா கடைசியாகச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வண்டிய எடைக்குப் போட்டுடலாம். ஓடுற வரைக்கும் உன் இஷ்டத்துக்கு ஓட்டுன. இனிமே சிதம்பரம் போற வழியப் பாரு."

"வேற இன்ஜின் வெக்கப் போறேண்ணே" என்றாள் அத்தை. "நான் எங்கயும் போவல."

வண்டி போனால் வியாபாரம் போகும், வியாபாரம் போனால் அவள் சிதம்பரத்துக்குத் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கே தெரிந்திருந்தது.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், பாய் ஒருவரின் பட்டறையில் வண்டி நின்றது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் மறைக்காமல் சொன்னார். ஹெட்டு விரிசல், பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கிராங்கும் போச்சு. ஒட்டுப் போட்டுத் தரலாம், ஆனால் ஆறு மாதத்தில் மறுபடியும் வந்து நிற்கும், வேறு இன்ஜின் கிடைத்தால் பாருங்கள் என்றார். அத்தை பஸ் ஏறி இடம் இடமாக அலைந்தாள். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வயலில் கவிழ்ந்து கூரை நசுங்கிக் கிடந்த இதே மாதிரி வண்டி ஒன்று கிடைத்தது. இன்ஜினுக்கு அடி படவில்லை. விற்கிறவன், யாராவது ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு வாம்மா, விவரம் பேசலாம் என்றிருக்கிறான். "நீங்க ஆம்பளதான, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அத்தை அரைமணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாளாம். அந்த வாரம் அவள் கையில் தங்க வளையல் போய்க் கண்ணாடி வளையல் வந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

இன்ஜின் மாற்றிய நாலு நாளும் நான் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குத்தான் போனேன். மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்தி, நடுவில் சங்கிலிக் கப்பி தொங்கவிட்டிருந்தார்கள். சங்கிலியை இழுக்க இழுக்கச் செத்த இன்ஜின் எண்ணெய் சொட்டிக்கொண்டே அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. அது போன இடம் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. மறுநாள் சேத்தியாத்தோப்பு இன்ஜின் இறங்கியது. ஒரு போல்ட் துளை நேராக வரவில்லை என்று ஒரு பகல் முழுக்கப் பாய் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அத்தை சாவியைத் திருப்பினாள். இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை பட்டறை முழுக்கக் கறுப்புப் புகை. அப்புறம் ஓடியது பாருங்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையால் என்று சொல்ல மாட்டேன், சந்தோஷத்தில்தான்.

பாய் சிரிக்கவில்லை. "இன்ஜின் நம்பர் இப்ப வேறம்மா. ஆர்.சி. புக்குல பழைய நம்பர் இருக்கு. புக்கு யாரு பேர்ல இருக்குதோ அவுங்க கையெழுத்து போட்டாத்தான் ஆபீஸ்ல மாத்துவாங்க. இல்லாட்டி எங்க நிறுத்துனாலும் திருட்டு இன்ஜின்னுவாங்க" என்றார்.

புக்கு இருந்தது அத்தை புருஷன், சிதம்பரத்து மாமா பெயரில். அப்பாவின் கௌரவம் அங்கே போய் நின்றது.

இரண்டு நாள் அத்தை மாடியில் நின்று போனில் நிறையப் பேசினாள். சனிக்கிழமை சிதம்பரம் போகிறேன், அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். வீடு அப்படியே மாறிப்போனது. அப்பா ஓடிப்போய் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி வந்தார். அம்மா பூ வைத்துவிட்டாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். போகும் வழியில் பட்டறைக்குள் வண்டியை விட்டதும், பாயின் ஆட்கள் பழைய இன்ஜினைச் சங்கிலியில் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"அவுங்க பொருளு. அவுங்ககிட்ட குடுக்கணும்ல."

புது இன்ஜினை ஐம்பதுக்கு மேல் விரட்டக் கூடாது என்பது பாய் உத்தரவு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம் என்று எல்லா பஸ்ஸும் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனது. அத்தை அசைந்து கொடுக்கவில்லை. சிதம்பரம் மேலவீதியில் ஆட்டோ ஸ்டாண்டில் நிறுத்தி நாலு பேரைக் கூட்டிக்கொண்டாள். பக்கத்துச் சந்தில் மாமா வீடு. நாலு பேரும் கட்டையும் கயிறும் போட்டு, மூச்சு முட்ட, அந்தச் செத்த இன்ஜினை இறக்கினார்கள். ஓரமாக வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று அத்தை கை காட்டிய இடம் வாசல்படிக்கு நேர் எதிரே, கோலத்தின் நடு. புள்ளி வைத்துப் போட்ட பெரிய கோலம். அதன் மேல் எண்ணெய் வழிந்தது.

மாமாவின் அம்மா வெளியே வந்தார். என்ன கண்றாவி இது என்று கேட்டார். சந்தில் இரண்டு மூன்று கதவு திறந்தது.

"எங்க வண்டியக் குடு, எங்க வண்டியக் குடுன்னு போன்ல கேட்டீங்கல்ல. புக்குல உங்க மவன் பேர்ல இருக்கற நம்பரு இதுலதான் இருக்கு. நல்லாப் பாத்துக்குங்க" என்றாள் அத்தை. குரலை உயர்த்தக்கூட இல்லை. அந்த அம்மா சந்துக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். அதையெல்லாம் எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

சிதம்பரத்து மாமா உள்ளேயிருந்து வந்தார். இன்ஜினைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

உள்ளே மேசையில் காகிதங்கள் தயாராக இருந்தன. எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார் மாமா, எந்த வகுப்பு என்று கேட்டார். அவர் அத்தைக்குச் சில தாளில் கையெழுத்துப் போட்டார், அத்தை அவருக்குச் சில தாளில் போட்டாள். ஒரே பேனா, மாற்றி மாற்றி. அத்தை ஒவ்வொரு தாளையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டாள். காபி குடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், கிளம்பினோம். இன்ஜின் மாற்ற இவ்வளவு கையெழுத்தா என்று நினைத்தேன். இவ்வளவு நல்ல மாமாவோடு இனி சண்டை எதற்கு, தீர்ந்துவிட்டது என்றும் நானே முடிவு செய்தேன்.

முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நட்டையெல்லாம் ஒரு தடவை இறுக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டு அத்தை பட்டறைக்குப் போனாள். நான் ஓடிப்போய் வீட்டில் சொன்னேன்: இரண்டு பேரும் சிரித்தார்கள், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள், மாமா பிஸ்கட் கொடுத்தார். கோலத்து இன்ஜினைப் பற்றி என்னவோ சொல்ல மறந்துவிட்டேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாய்மாமனுக்குப் போன் போட்டார். அம்மா முந்திரியும் நெய்யும் எடுத்துக் கேசரி கிளறினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை வந்தாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து, கேசரியை வேண்டாம் என்று சொல்லாமல் தின்றாள். மறுபடி கேட்டும் வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை எப்போது வந்து கூட்டிப் போகிறார் என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"வண்டி என் பேருக்கு மாறிடும்ணே. அதுக்கு அவுரு போட்டாரு. கோர்ட்டுக்குக் குடுக்கற மனுவுல நான் போட்டேன். ரெண்டு பேரும் சம்மதம்னு. அவுரும் எத்தினி நாளைக்கு இப்படியே இருப்பாரு?"

அந்த விவாகரத்து மனுவில் மட்டும் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று அப்பா எழுந்துவிட்டார். குடும்ப மானம் போச்சு என்றார், இனி உன் பாடு என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதுவரை அடுக்களை வாசற்படியில் கரண்டியோடு நின்ற அம்மா உள்ளே வந்தாள். அத்தையோடு தண்ணீர்க் குடத்துக்கும் துணிக் கொடிக்கும் தினம் சண்டை போடுகிற என் அம்மா. அத்தை முன்னால் குனிந்து அந்தத் தட்டில் மூன்றாவது தடவையாகக் கேசரி போட்டாள். பாத்திரத்திலிருந்த முந்திரியைத் தேடித் தேடி எடுத்து அதன் மேல் வைத்தாள்.

நல்ல செய்திக்கென்று கிளறியது, செய்தி கெட்ட பிறகும் எதற்கு இப்படிப் போடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாத்திரம் காலியாகிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் ஒரு வாய்கூட வைக்கவில்லையே என்று நான் அழ ஆரம்பித்தேன்.