வாழைப்பழ டெஸ்ட்

என் அக்கா புருஷன் விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பவர் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். "பிளேனுக்குக்கூடவா பெயின்ட் அடிப்பாங்க?" என்பார்கள். பின்னே, அது பிறக்கும்போதே வெள்ளையாகப் பிறந்ததா? இப்படிக் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமையே கிடையாது. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற மாதிரிதானே என்று இன்னொருவர் சேர்ந்துகொண்டால் எழுந்தே போய்விடுவேன்.

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'ரசமட்டம்' என்று பெயர். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பாரே, அதே ரசமட்டம்தான். மூக்கிலிருந்து வால் வரை நாற்பது மீட்டருக்கு ஒரு நீலப் பட்டை ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் உடம்பு எல்லாப் பக்கமும் வளைவு. அளந்து, நூல் பிடித்து, டேப் ஒட்டினாலும் பக்கத்தில் நேராகத் தெரிவது தூரத்திலிருந்து பார்த்தால் தொங்கிப்போய்த் தெரியும். மச்சான் விமானம் நிற்கும் கூடத்தின் பெரிய கதவு வரை நடந்து போவார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், "அஞ்சாவது ஜன்னல்கிட்ட ஒரு நூல் அளவு ஏத்து" என்று கத்துவார். ஏற்றிவிட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

ஆனால் கோடு போடுவது கடைசியில் வரும் அலங்காரம். அதற்கு முன்னால் எவ்வளவு வேலை! பழைய பெயின்டை மருந்து பூசி உரிக்க வேண்டும். தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழியும் வரை கழுவ வேண்டும். முத்து கட்டினால் எங்கோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம், அங்கே பெயின்ட் நிற்காது. வேகத்தையும் உயரத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்று போக உடம்பில் பொடிப் பொடியாகத் துளைகள் இருக்கும். அவற்றை மூட வேண்டும், மூடியதை எழுதி வைக்க வேண்டும், எழுதியதைப் பார்த்து ஒன்று விடாமல் திறக்க வேண்டும். ஒரு துளை மூடியே பறந்தால் பைலட்டுக்குத் தான் எந்த உயரத்தில் பறக்கிறோம் என்றே தெரியாது. பெயின்ட் கனமாக விழுந்தாலும் வம்பு. வாலில் அசையும் பாகங்களைப் பெயின்ட் அடித்த பிறகு தராசில் ஏற்றிச் சமன் பார்க்காமல் மாட்டவே மாட்டார்கள்.

மேல்பூச்சு அடிக்கும் நாள்தான் பெரிய நாள். பக்கத்துக்கு இரண்டு பேராக நாலு பேர், உயர்த்தி இறக்கும் மேடைகளில் ஏறி, மூக்கில் ஒன்றாகத் தொடங்கி வாலில் ஒன்றாக முடிக்க வேண்டும். பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கிக்கும் விமானத்தின் உடம்புக்கும் நடுவே எப்போதும் ஒரு சாண் இடைவெளி. மணிக்கட்டு திரும்பக் கூடாது, தோள்தான் போய் வர வேண்டும். முன் பூச்சின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பூச்சு அதன்மேல் பாதி ஏறி விழ வேண்டும். ஒருவன் மூக்கைச் சொறிய நின்றால்கூட ஓரம் காய்ந்து தழும்பு விழும். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் தேய்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் யார் தலையில் இடி விழுந்தாலும் யாரும் நிற்பதில்லை. அங்கே இருந்த முதல் சட்டம் அதுதான்.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். முகமூடி, அதில் மாட்டும் வடிகட்டி, உடைகள் எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பெயின்ட் கல்லாகக் கெட்டியாவதற்கு ஒரு மருந்து கலப்பார்கள். நுரையீரலுக்கு அது விஷம். மற்ற விஷம் மாதிரி உடனே ஆளைச் சாய்க்காது. சில பேர் உடம்பில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் உடம்பு முறைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் துளி பட்டாலும் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். திரும்பி வர வழியே இல்லை. தொல்லை என்னவென்றால் அந்த மருந்துக்கு வாசனை கிடையாது. பெயின்டில் இருக்கும் தின்னர் வாசனை முகமூடிக்குள் வந்தால்தான் விஷமும் உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ள முடியும். ஆக, அங்கே மனிதனைக் காப்பாற்றுவது அவன் மூக்குதான்.

அதற்காகத்தான் வருஷத்துக்கு ஒருமுறை வாழைப்பழ டெஸ்ட். வாழைப்பழ வாசனையுள்ள ஒரு எண்ணெய். முதலில் இரண்டு ஜாடிகளை நீட்டுவேன். இரண்டிலும் தண்ணீர்தான், ஒன்றில் மட்டும் அந்த எண்ணெயில் ஒரு சொட்டு. எது என்று சரியாகச் சொன்னால் மூக்கு நன்றாக இருக்கிறது. பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கூண்டுக்குள் நிற்க வேண்டும். எண்ணெய் நனைத்த காகிதத்தை உள்ளே தொங்கவிடுவேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். வாழைப்பழம் மணந்தால் முகமூடி ஒழுகுகிறது. மணக்கவில்லை என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ஜாடியில் தவறியவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது.

மச்சானுக்கு மூக்கு போய்விட்டது என்பதை நான் கண்டுபிடித்தது ஒரு தின்னர் டின் கவிழ்ந்த அன்று. ஸ்டோர் வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார்கள். மச்சான் மட்டும் அந்தக் குட்டைக்கு நடுவே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உங்களுக்கு நாத்தம் தெரியலையா?" என்றேன்.

"என்ன நாத்தம்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தார். டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு வருஷமாச்சு, மாப்பிள்ளை. உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

"அப்ப போன வருஷ டெஸ்ட்?"

"குத்துமதிப்பா சொன்னேன். ரெண்டுல ஒண்ணுதானே? அதிர்ஷ்டம்."

"விளையாடுறீங்களா? ஆபீஸ்ல சொல்லியே ஆகணும்."

"சொல்லு. நாளைக்கே என்னைத் தேய்க்கிற வேலைக்கு அனுப்புவாங்க. நான் தேய்ச்சு வச்சதுல எவனோ வந்து கோணல் மாணலா அடிப்பான், அதை நான் கீழ நின்னு பாக்கணும். அதுக்கு என்னை இப்பவே கொன்னு போட்டுடு."

அவர் எதற்கும் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இதுதான் நடந்தது, இதற்கு மேல் அழகாகச் சொல்லி என்னை நல்லவனாக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்த வருஷ டெஸ்டில் இரண்டு ஜாடிகளையும் மேஜையில் வைத்து, சரியான ஜாடியின் பக்கத்தில் என் பேனாவையும் வைத்தேன். அவர் இரண்டையும் முகர்ந்து பார்ப்பதுபோல நன்றாகவே நடித்தார். அடுத்த வருஷமும் பேனா. அதற்கடுத்த வருஷமும் பேனா. பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி அவருடைய வடிகட்டியை மட்டும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சீக்கிரம் மாற்றிக் கொடுத்தேன். வடிகட்டி புதிதாக இருந்தால் போதும், மூக்கு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடிகள் வாங்கப் போவதாக மேலிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது பேனா வருஷத்தில் அவருக்கு இடது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். சாதாரண விஷயம். ஆனால் பல் போன இடத்தில் கன்னம் உள்ளே வாங்கிக்கொண்டது. முகமூடியின் ரப்பர் விளிம்பு கன்னத்தை ஒட்டி உட்கார வேண்டும், அங்கே ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டாமல் நின்றது. வேறு யாராக இருந்தாலும் கூண்டுக்குள் போன மறுநொடி "வாழைப்பழம் வருது சார்" என்று சொல்லியிருப்பான். நான் அளவு மாற்றிக் கொடுத்திருப்பேன், அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். மச்சான் தலையைத் திருப்பினார், குனிந்தார், நிமிர்ந்தார், கொடுத்த பக்கத்தைக் கணீரென்று வாசித்தார்.

"வருதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரல."

வராது என்று எனக்குத் தெரியும். வந்தாலும் வராது. தெரிந்தும் கேட்டேன், தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன்.

அதிலிருந்து எட்டு மாதம். வீட்டில் காலையில் இருமுகிறார் என்று அக்கா சொன்னாள். தூசி என்றார் மச்சான். படியேறினால் மூச்சிரைத்தது. வயசு என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருமல் இல்லை என்பதை அக்கா கவனித்துச் சொன்னபோது, "லீவு நாள்ல எதுக்குடி இருமணும், சம்பளமா குடுக்கறாங்க?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்று ஒரு பெரிய விமானத்துக்கு வெள்ளை மேல்பூச்சு. என் ஸ்டோரின் கண்ணாடி வழியாகக் கூடம் முழுக்கத் தெரியும். நாலு பேரும் மூக்கில் தொடங்கினார்கள். மச்சான் இந்தப் பக்கம், மேல் மேடையில். இறக்கையைத் தாண்டும்போது அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. இருமல்தான் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் போனதும் இரண்டு தோள்களும் காதுவரை ஏறி இறங்க ஆரம்பித்தன. மூச்சு உள்ளே போக மறுக்கிறவன்தான் அப்படித் தோளால் இழுப்பான். ஆனால் கை மட்டும் அதே வேகத்தில் போய் வந்துகொண்டிருந்தது, அதே ஒரு சாண் தூரத்தில். நான் கண்ணாடியை அடித்தேன். காற்றை வெளியே இழுக்கும் பெரிய காற்றாடிகளின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கதவைத் திறந்து ஓடினால் தூசி உள்ளே போகும், பூச்சு கெடும். அந்த நேரத்தில் எனக்கும் அதுதான் தோன்றியது, பாருங்கள். ஒரு மனிதன் மூச்சுக்குத் தவிக்கிறான், நான் பூச்சைப் பற்றி யோசித்துக்கொண்டு கதவின் பிடியைப் பிடித்தபடி நிற்கிறேன்.

வால் வரை அடித்து முடித்தார். மேடை இறங்கியது. துப்பாக்கியைக் கொக்கியில் ஒழுங்காக மாட்டினார். முகமூடியைக் கழற்றியபோது உதடு நீலமாக இருந்தது. அதன் பிறகுதான் விழுந்தார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு சூப்பர்வைசர் விமானத்தின் அந்தப் பக்கம் முழுக்க விளக்கடித்துப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு தழும்பு இல்லைப்பா. அந்த நிலைமையிலயும் என்ன கை பாரு!" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை. பேனாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவன் எந்த முகத்தோடு அறைவது?

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். டாக்டர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அவர் மூக்கருகே கொண்டுபோய், "என்ன வாசனை?" என்று கேட்டார். மச்சான் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியல" என்றார். அக்கா பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிமேல் பெயின்ட் இருக்கும் இடத்தில் அவர் காலே வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதாவிட்டாலும் உடம்பே விடவில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு பட்டறையில் காருக்கு ஸ்பிரே அடித்த அன்று இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜன்னல்களுக்கு எல்லாம் அக்கா துணி திணித்து வைத்தாள். உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்தேழு.

ஒரு சாயங்காலம் போனேன். வேலை செய்யும் இடத்திலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் போனேன். அக்கா கதவைப் பாதி திறந்தாள். என்னை உள்ளே விடவில்லை.

"டாக்டர்கிட்ட அஞ்சு வருஷமா மூக்கு இல்லைன்னு சொன்னார்," என்றாள். "வருஷா வருஷம் நீதானேடா டெஸ்ட் வப்ப. எப்படிப் பாஸானார்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"முதல் ரெண்டு வருஷம் எனக்குத் தெரியாதுக்கா. அப்புறம் எந்த ஜாடின்னு நான்தான் அவருக்குக் காட்டினேன்."

"எதுக்கு?"

"அவர் கேட்டார்..."

"அவர் கேப்பார். அந்தத் துப்பாக்கின்னா அவருக்கு உசுரு, எனக்குத் தெரியாதா? நான் உன்னைக் கேக்கறேன்."

 

அக்கா அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "கல்யாணமான புதுசுல அந்த மருந்தை நெனச்சு நான் தூங்கினதே இல்லடா. நீ அங்க ஸ்டோர்ல சேர்ந்த அன்னிக்குத்தான் பயம் விட்டுது. என் தம்பி இருக்கான், விடமாட்டான்னு நெனச்சேன்."

உள்ளறையிலிருந்து கட்டில் முனகும் சத்தம் கேட்டது. மச்சான் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத்தான் அந்த ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது.

"யாரு... வந்திருக்கா?"

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாருமில்லைங்க."

கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.