பேத்தி வரைந்த மலைக்கோட்டை

ரிடையரான பிறகு படம் வரைகிறேன் என்று நான் வெளியில் மூச்சு விடுவதில்லை. திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸையே கட்டி ஆண்டவன், இப்போது பேத்தியின் கலர் டப்பாவைக் கடன் வாங்குகிறான் என்று யாராவது சிரித்துவிட்டால்? கல்யாணத்துக்கு முன் காலண்டர்களைப் பார்த்து நானாகப் பழகிய கை. வேலை, குடும்பம் என்று வந்ததும் விட்டது விட்டதுதான். அறுபதைத் தாண்டி மறுபடி தொட்டபோது கோடு நடுங்கியது. ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்புரத்திலிருந்து சம்பந்தி வந்தார். மருமகளின் அப்பா, பேங்க் மேனேஜராக இருந்தவர். இப்போதும் ஷேர் மார்க்கெட், அசோசியேஷன் என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறார். ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும், ஃபிரிட்ஜ் மேல் நான் காயவைத்திருந்த படம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. காவிரிப் பாலத்திலிருந்து தெரியும் மலைக்கோட்டை. ஒரு வாரமாக அதே கதியாகக் கிடந்து வரைந்தது.

“யாரு சம்பந்தி வரைஞ்சது?”

“பேத்திதான்” என்றேன். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. காபியோடு வந்த மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. “எட்டு வயசுல என்ன கை பாருங்க! எங்க அப்பா இப்படித்தான், ஒரு தடவை பார்த்தாப் போதும், வரைஞ்சிடுவார். எங்க பக்கத்து ரத்தம், எங்க போகும்?”

எட்டு வயதுக்கு நன்றாக இருக்கிறதாம். அதுவும் அவருடைய அப்பாவின் கையாம். ஆனாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே விளையாடப் போயிருந்த பேத்தி அப்போதுதான் வந்தாள். “கண்ணு, இதை நீயா வரைஞ்ச?” என்று கேட்டார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, “ஆமா தாத்தா” என்றாள்.

“பாலத்துக்குக் கீழ இது என்ன, எருமையா?”

“ஆமா, எருமை.”

அது பரிசல். அதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டிருந்தேன்.

ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டப்போவதாகச் சொல்லி, அவளை ஸ்கெட்ச் பேனாவால் பெயரெழுத வைத்து, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் வாசல்வரை போய் வழியனுப்பக்கூட இல்லை.

பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீங்கதான் வரைஞ்சீங்கன்னு தெரிஞ்சா அந்தத் தாத்தா உங்களைத் திட்டுவாரா?”

“இல்லம்மா. யாரும் திட்ட மாட்டாங்க.”

“அப்புறம் ஏன் நாம பொய் சொன்னோம்?” என்று கேட்டாள்.