படகு இருந்த அறை

எங்கள் திருத்தணியில் ஆறு என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு படகை வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்த ஒரே மனிதர் என் அப்பா. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனாவுக்குக் கடைத்தெருவில் தையல் கடை. எழுபதுகளின் தொடக்கத்தில், இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து பக்கத்து ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தார். பழவேற்காட்டிலிருந்து தார் பூசிய பழைய மரப்படகு ஒன்று லாரியில் வந்து இறங்கியது. நைனாவுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கடைக்கு ரவிக்கைத் துணி கொண்டுவந்த பெண்களிடமெல்லாம் படகின் அருமை பெருமைதான்.

அடுத்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பங்குனியிலேயே ஏரி வெடித்துக் கிடந்தது. படகை வெயிலில் விட்டால் பலகை பிளந்துவிடும். பிளக்காவிட்டாலும் எவனாவது விறகுக்கு உடைத்துக்கொண்டு போய்விடுவான். சிநேகிதர்கள் இருவரும் கைவிரித்துவிட, நைனா இடம் தேடி அலைந்தார். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கேட்டார். மாடு மிரளும் என்றார்கள். சரி, தெருவோரமாகக் கவிழ்த்துப் போடலாம் என்றால், எங்கள் தெருவே கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கிற தெரு.

"மலைக்கி காவடி எடுத்துகினு போற தெருவுல மீன் நாத்தம் புடிச்சத போடப் போறியாப்பா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள். நைனா உள்ளே வந்து டேப்பை எடுத்தார்.

வீட்டில் இருந்தது ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு அறை. அறையின் நீளம் பதினான்கு அடி, படகோ பதினாறு. அம்மா 'அப்பாடா' என்று மூச்சு விட்டாள். தையல்காரர் மூளை அத்தோடு விடுமா? துணி போதாதபோது குறுக்கே போட்டு வெட்டுவதைப் போல, படகை மூலைக்கு மூலை போட்டால் சரியாக அடங்கும் என்று கண்டுபிடித்துவிட்டார். வாசல் வழியாக நுழையாது என்பதால் பின்சுவரை இடித்தார்கள். படகை உள்ளே தள்ளிய மறுநாளே கொத்தனாரை வைத்துச் சுவரைத் திரும்பக் கட்டிச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. எங்கே இடித்தோம், எங்கே ஒட்டினோம் என்று தெரியாது. நைனா கை வைத்த எந்த வேலையும் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. எனக்குக் குஷிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படகுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு பாடம் படிப்பேன். பாவாடையெல்லாம் தார் ஆகிவிட்டது என்று அம்மா திட்டுவாள்.

சித்திரையில் அக்காவிடமிருந்து சேதி வந்தது. மூன்றாவது மாதமாம். அவளை ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் ஒரு நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்து வரவேண்டும். ஏழு தவறினால் ஒன்பது. எட்டாம் மாதத்தில் மட்டும் பிள்ளைத்தாய்ச்சியைப் பயணம் வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அவள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரே ஒருநாள் வந்துவிட்டுப் போனாள். அறைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என் புள்ளைக்கு தொட்டில் ரெடியா கீதே" என்று படகின் ஓரத்தைத் தட்டினாள். அவள் சிரித்ததும், படகை அங்கேயே வைத்துக்கொள்ள நைனாவுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆவணியில் ஏழாம் மாதம். அம்மா படகை எடுக்கச் சொன்னாள். நைனா மறுபடி சுவரை இடிக்கத் தயாராக இல்லை.

"இத்த வெளிய இழுத்து எங்க போடறது? ஐப்பசியில ஏரி ரொம்பிடும். அவளுக்கு ஒம்பதாம் மாசமும் அப்பத்தான். படகு அந்தாண்ட போவட்டும், ராணி மாதிரி இட்டாரலாம்."

"கூடத்துல படுக்க வெச்சிக்கறேன்" என்றாள் அம்மா.

"வர்றவன் போறவன் எல்லாம் பாத்துகினு போவான். வேணாம்."

அம்மா அதற்கு மேல் வாதாடவில்லை. கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. நைனா சொல்லச் சொல்ல, இன்லண்டு கடிதத்தில் நான்தான் எழுதினேன். 'வீட்டில் தற்சமயம் இடவசதி போதவில்லை. ஒன்பதாம் மாதம் வந்து அழைத்துக்கொள்கிறோம்.' தற்சமயம் என்பது என் சொல். கடிதம் கௌரவமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன். எழுதி முடித்து, கையெழுத்து அழகாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணை இன்று நினைத்தால் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் அக்காவின் கொழுந்தனார் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர் கொடுத்தோம், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். முந்தின நாள் காலையில் பஸ் போன பிறகு வலி கண்டிருக்கிறது. மாட்டுவண்டி கட்டியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே பிறந்துவிட்டது.

"ஆம்பளப் புள்ளைங்க" என்றார். "அழவேயில்ல."

அக்கா பிழைத்துக்கொண்டாள். அம்மா அந்தச் சைக்கிளிலேயே பின்னால் உட்கார்ந்து போனாள். நைனா போகவில்லை. பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கிவந்து, போட்டிருந்த சட்டையோடு பின்சுவரை இடித்தார். கட்டியபோது கொத்தனார் வேண்டியிருந்தது, இடிக்க யாரையும் கூப்பிடவில்லை. நாலு பேர் சேர்ந்து படகை இழுத்துத் தெருவில் போட்டார்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை மீன் நாற்றம் என்று தெருவில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அக்காவைக் கூட்டிவந்தார்கள். இடித்த இடத்தில் கோணிப்பையைத் தொங்கவிட்டு, அறை நடுவில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். பால் கட்டிக்கொண்டு அவளுக்கு நெஞ்செல்லாம் வலி. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். நான் உதிரிப் பூவை எடுத்துக் கொடுக்க, அம்மா கட்டினாள். அவ்வளவு பூ வாசனை அந்த அறையில் அதற்கு முன்பு இருந்ததில்லை. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நைனா வந்து நிலைப்படியில் நின்றார். உள்ளே வரவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"சாப்டியாம்மா?" என்றார் நைனா.

"ஆங்" என்றாள். பாயைத் தடவிக்கொண்டே, "நா ஒரு ஓரமா படுத்துகினு இருந்திருப்பனே நைனா. படகு பாட்டுக்கு இருந்திருக்கும்" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. நைனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறையை அளந்தோம், மாதத்தை எண்ணினோம், மழையைக் கணக்குப் பண்ணினோம். அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.