உள்ளானுக்கு விசா எதற்கு?

எங்கள் பறவை நோக்கர் சங்கத்தை நடத்துவது இரண்டு பெரியவர்களின் கடிதப் போக்குவரத்துதான். தலைவர் ரோவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற யாழ்ப்பாண மருத்துவர். பொருளாளர் கிரான்பர்னில் வசிக்கும் சென்னைப் பொறியாளர். இருவரும் மின்னஞ்சலில் எழுதிக்கொள்வார்கள். எங்கள் எல்லோருக்கும் நகல் வரும். முதல் பத்தியில் அன்று கண்ட பறவை, அடுத்ததில் நாட்டு நடப்பு, கடைசியில் சங்க விவகாரம். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். வேலைக்குப் போகும் ரயிலில் படிப்பேன்.

செயலாளர் பதவிக்கு நான் பெயர் கொடுத்த வாரம், பொருளாளர் கரண்டிவாயன் பறவைகளைப் பற்றி அழகாக எழுதினார். அடுத்து அரசாங்கத்தின் குடிவரவுக் கொள்கையைச் சாடினார். பிறகு என்னிடம் வந்தார். "விசா நிலை தெளியாத ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தலாமா என்று யோசிக்க வேண்டும்."

நான் சிறு வயதில் பெற்றோருடன் படகில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவள். இன்னும் தற்காலிக விசாதான். மென்பொருள் சோதிப்பது என் வேலை. சங்கத்தின் பறவைப் பதிவுகளை வரைபடத்தில் ஏற்றியவளும் நான்தான். என்னை நகலில் வைத்துக்கொண்டே என்னைப் பற்றி அவருக்கு அப்படி எழுத முடிந்தது.

தலைவர் அன்றே பதில் எழுதினார்: "ஜப்பானிலிருந்து வலசை வரும் உள்ளான் பறவையிடம் நாம் விசா கேட்கிறோமா?" கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. முதல் கடிதத்தைவிட அந்தக் கைதட்டல்தான் என்னை அதிகம் எரித்தது.

நானும் எல்லோருக்கும் பதில் போட்டேன். ஒன்று, சங்க விதிகளில் விசா பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு, சந்தா கட்டிய எவரும் போட்டியிடலாம். மூன்று, நான் உள்ளான் இல்லை.

கேரம் டவுன்ஸில் ஓர் உறுப்பினர் வீட்டுக் கராஜில் கூட்டம். தலைவர் முகம் வாடியிருந்தது.

"பிள்ளை, நான் உமக்காகத்தானே எழுதினனான்?"

"ஓம் அங்கிள். ஆனா பாவப்பட்டு ஒருத்தரும் எனக்கு வோட்டுப் போட வேண்டாம்."

பொருளாளர் தொண்டையைச் செருமினார். "கோபப்படாதம்மா. நடுவுல உன்னை அனுப்பிட்டாங்கன்னா சங்க வேலையை யாரு பாக்குறது?"

"நீங்க பைபாஸ் செய்து படுத்திருக்கேக்க பொருளாளர் வேலையை ஆர் பாத்தது அங்கிள்? அதுக்காக உங்களை வேண்டாமெண்டு ஆரும் சொன்னவையே?"

யாரோ சிரித்தார்கள். அவருடைய மனைவிதான்.

"சரி, அடுத்த மாசம் ஆறுதலாப் பேசுவம்," என்றார் தலைவர்.

"இல்லை அங்கிள். இண்டைக்கே கை தூக்கச் சொல்லுங்கோ."

தூக்கினார்கள். எதிர்த்துத் தூக்கியது ஒரே கை, பொருளாளருடையது. புதிய செயலாளராக நான் மடிக்கணினியைத் திறந்து கூட்டக் குறிப்பை எழுதத் தொடங்கினேன்.

தலைவர் குனிந்து மெல்லச் சொன்னார்: "ஏகமனதாகத் தெரிவு எண்டு போடும் பிள்ளை. சங்கத்துக்கு அழகு."

"எதிர்ப்பு ஒன்று" என்று அடித்தேன்.

பொருளாளர் திரையை எட்டிப் பார்த்தார். "என் பேரையும் போடுவியாம்மா?"

"கை தூக்கினனீங்கள்தானே அங்கிள்," என்றேன். போட்டேன்.