அண்ணாவின் உறையில் ஒரு பொய்

அண்ணாவின் முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கும் இம்மலரில் அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி தங்கையான என்னை வீட்டார் கேட்டனர். எழுதுகிறேன். ஆனால் என் கெட்ட குணத்தை மறைத்துவிட்டு அவருடைய நல்ல குணத்தை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்ததால் தம் படிப்பை விட்டு வேலைக்குப் போய் எங்களைப் படிக்க வைத்தார். கலியாணம் செய்யவில்லை. நாட்டு நிலைமையால் ரொறன்ரோ வந்து, தகட்டை அச்சில் அழுத்திக் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் பிழை பார்க்கும் வேலையில் சேர்ந்தார். வெளியே வரும் தகட்டைப் பார்த்தே அச்சில் வெடிப்பு விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டு மேல் அறையில்தான் கடைசிவரை இருந்தார்.

பிழை பிடிக்கும் அந்தக் கண்ணைக் கண்டுதான் கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் அவரைத் பழைய நாணயம் சேர்ப்போரின் சங்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பழைய அமெரிக்க வெள்ளி அரை டொலர்களைப் பார்த்தார். அந்தக் காலத்து அச்சுகளைக் கையால் செய்தார்களாம். அதனால் ஒரே ஆண்டு நாணயங்களில்கூட ஒன்றில் நட்சத்திரம் சரிந்திருக்கும், மற்றதில் இலக்கம் விலகியிருக்கும். எந்த அச்சில் அடித்தது என்று பிரிப்பதும், தேய்மானம் பார்த்துத் தரம் சொல்வதும் அண்ணாவுக்குப் பைத்தியமாகிவிட்டது.

“ஊரெல்லாம் வீடு வாங்குது, நீங்கள் தேய்ஞ்ச காசு வாங்குறியள்” என்று நையாண்டி பண்ணுவேன். சிரிப்பார். ஒவ்வொரு நாணயத்தையும் சிறு கடதாசி உறையில் இட்டு, அச்சு, தரம், குறை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவார். “உறையிலை பொய் எழுதுறவன் காசைத் தொடக்கூடாது, பிள்ளை” என்பார். சில வருடங்களில் சங்கத்தாரே தங்கள் நாணயங்களுக்கு அவரிடம் தரம் கேட்டார்கள். அகதியாய் வந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய மதிப்பு!

ஒருநாள் கடைப் பெட்டியொன்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த அரை டொலரைக் கொண்டுவந்தார். நட்சத்திரத்திலிருந்து நாணயத்தில் பொறித்திருந்த பெண்ணின் கூந்தல்வரை மெல்லிய கோடு ஓடியது. அச்சு வெடித்த அடையாளம். சங்கத்தில் எவரிடமும் இல்லாத வகை. சனிக்கிழமைக் கூட்டத்தில் காட்டப் போவதாகச் சொன்னார். நாணயமோ கரிச்சட்டி போல் கறுத்திருந்தது. “உதைத் தொடாதை. உந்தக் கறுப்புத்தான் உதின்ரை மதிப்பு” என்றார்.

அந்தக் கிழமை நடுவில் சரஸ்வதி பூசை. புத்தகங்களோடு அண்ணாவின் பூதக்கண்ணாடியையும் அந்த நாணயத்தையும் வைக்க நினைத்தேன். அதுதானே அவருடைய படிப்பு! ஆனால் கறுத்த வெள்ளியைச் சாமிக்கு முன்னால் எப்படி வைப்பது? அவர் வேலையில் இருந்தார். விளக்கு மினுக்கிய கையோடு திருநீறு தொட்டுத் தேய் தேயென்று தேய்த்தேன். பளபளவென்று வந்தது. எனக்குப் பெருமை வேறு!

வேலையால் வந்தவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். “முகமெல்லாம் கீறல். இனி உதுக்குத் தரமில்லை” என்றார். நான் அழத் தொடங்கியதும், “விளக்கு மினுக்கிற கை சும்மா இருக்குமே? விடு பிள்ளை” என்று தேற்றினார்.

வெடிப்புக் கோடு இன்னும் தெரிந்ததால் சனிக்கிழமை அண்ணா அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்; ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு நானும் போனேன். பெரியவர் நாணயத்தை வெளிச்சத்தில் பிடித்து, யார் தேய்த்தது என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் அண்ணா.

யாரோ சிரித்தார்கள். கற்றுக்குட்டியும் செய்யாத பிழை அது. எனக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது, பதில் சொல்லவும் தெரியும். ஆனால் ரோல்ஸ் தட்டைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதன்பின் எவரும் அண்ணாவிடம் தரம் கேட்கவில்லை. அவர் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வருவார்.

அண்ணா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள், “அண்ணை, அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கோணும்” என்றேன். “உதை இன்னும் காவிக்கொண்டு திரியிறியே? முதல்லை போய்ச் சாப்பிடு” என்றார்.

இறுதிக் கிரியையில் அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்து, “உன் அண்ணனுக்கு அருமையான கண். அந்த ஒரு பிழைதான்” என்றார். நான் நன்றி சொல்லித் தலையாட்டினேன். சீ, நானும் ஒரு மனிசியா!

அண்ணாவைப் பார்க்க பஸ் ஏறி வந்த உறவினர்களுக்கும், எங்கள் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும், சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சங்கத்தாருக்குத் தமிழ் தெரியாது. இங்கே எழுதிவிட்டு ஒளிந்துகொள்ளலாம் என்றும் ஒரு கள்ளப்புத்தி வந்தது.

அண்ணாவின் நாணயங்களை இந்தச் சனிக்கிழமை சங்கத்துக்கே கொடுக்கப் போகிறேன். அடுக்கும்போது அந்தத் தேய்த்த அரை டொலரின் உறை கையில் வந்தது. “தேய்த்தது நான்” என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது. அவர் எழுதிய அத்தனை உறைகளிலும் அது ஒன்றுதான் பொய்.

அந்த வரியைக் கோடு போட்டு வெட்டி, “தேய்த்தது தங்கை” என்று ஆங்கிலத்திலேயே எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன். உங்கள் எழுத்தை வெட்டியதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணை.