வியாழக்கிழமை எண்

முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு கட்டில்கள். பத்தொன்பது வருஷமாக அவற்றைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் 'பட்டாசு' என்றே கூப்பிட்டார்கள். கணவன் போன பிறகு ஆறு மாதப் பயிற்சி முடித்து வந்தவள். படுக்கைப் புண் வராமல் ஆளைப் புரட்டிப் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எழுத்து வேலைதான் வேப்பங்காய்.

அந்தச் சனிக்கிழமை காலை மேற்பார்வை அம்மா மூன்றாம் கட்டிலின் ரத்த அழுத்தத் தாளை நீட்டினாள்.

"திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நூத்தி முப்பது, எண்பது. கொஞ்சம்கூட அசையல. காப்பி அடிச்சியா?"

"ரத்தம் அசையலன்னா நான் பிடிச்சு ஆட்டவா?"

"வாய் பேசாத. பத்து மணிக்கு டாக்டர் வர்றாரு. அளக்காம எழுதினதுன்னு தெரிஞ்சா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

மூன்றாம் கட்டிலில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அழுத்த மாத்திரையால் தலைசுற்றிப் போன வாரம் குளியலறையில் விழுந்தவர். ஐந்து நாள் சேர்ந்தாற்போல் அளவு சீராக இருந்தால் மாத்திரையைப் பாதியாக்குவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

பட்டாசு தாளை வாங்கிப் பார்த்தாள். நான்கு நாள் எண்கள் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முள்ளைப் பார்த்து எழுதியவை. வியாழனன்று ஏழாம் கட்டிலில் மூச்சுத் திணறல். அந்த அமளியில் அளக்க மறந்து, மத்தியானம் புதன்கிழமை எண்ணைப் பார்த்து எழுதிவிட்டாள். தாளில் எது அளந்தது, எது அளக்காதது என்று எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும். டீச்சருக்கும் தலைசுற்றல் குறையும்.

டாக்டர் வந்தார். மாத்திரைச் சீட்டில் பேனாவை வைத்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"அஞ்சும் நீங்க எடுத்ததுதானேம்மா?"

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலுதான் எடுத்தது. வியாழக்கிழமையுது முந்தின நாளப் பாத்து எழுதினது."

மேற்பார்வை அம்மா உதட்டைச் சுழித்தாள். டீச்சர்தான் குறுக்கே விழுந்தார்.

"அன்னிக்கு அளந்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும். எண் ஒண்ணுதானே, எங்கேர்ந்து வந்தா என்ன?"

"அது உங்க கையிலேர்ந்து வரல டீச்சர், தாள்லேர்ந்து வந்துச்சு. உங்களுக்கு அன்னிக்கு இருநூறு ஏறியிருந்தாலும் அது நூத்தி முப்பதுன்னுதான் சொல்லியிருக்கும்."

டாக்டர் பேனாவை மூடினார். "மறுபடி அஞ்சு நாள் எடுங்க."

"பாவி, இன்னும் அஞ்சு நாள் நான் சுவரைப் பிடிச்சு நடக்கணும்" என்று டீச்சர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு பேரைப் புரட்ட வேறு ஆள் கிடைக்காததால் வேலை தப்பியது. பேனா பறிபோனது. இனி அவள் அளக்க வேண்டும், துணி துவைப்பவள் எழுத வேண்டும்.

ஞாயிறு காலை டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினார். பட்டாசு காற்றை இறக்கி, முள்ளின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்பைக் கேட்டாள். ஏறியிருந்தால் மாத்திரை குறையாது.

"நூத்தி முப்பது, எண்பது."

துணி துவைப்பவள் எழுதாமல் குனிந்து கிசுகிசுத்தாள். "மறுபடியுமா? நூத்தி முப்பத்திரண்டுன்னு போட்டுடவாக்கா? அப்பதான் நிஜம் மாதிரி இருக்கும்."

"வந்தத எழுது."

அவள் எழுதி முடிக்கும்வரை பட்டாசு பக்கத்திலேயே நின்றாள். டீச்சர் திரும்பவில்லை. மீதி நாளுக்கு நான்கு விரல்களை மட்டும் தூக்கிக் காட்டினார்.